புலிக்கொசுவும் சிரட்டைத் தண்ணீரும்

(அறிவியல் பகுதி)



நம் ஊர்க் குளத்தில் மிதக்கிற ஆகாயத்தாமரை நம் நாட்டுச் செடி இல்லை. தென் அமெரிக்காவில் இருந்து வந்தது. பூ அழகாக இருக்கிறதே என்று யாரோ கொண்டுவந்தார்கள். இப்போது பாதிக் குளத்தில் தண்ணீரே தெரியவில்லை. இப்படி ஓர் இடத்துக்குச் சொந்தமில்லாத உயிர் வெளியே இருந்து வந்து, பெருகி, இடத்தைப் பிடித்துக்கொண்டால் அதை ஊடுருவிய அயல் இனம் என்று சொல்வார்கள். செடி மட்டும் இல்லை, கொசுவும் இப்படி நாடு விட்டு நாடு போகும். அப்படி உலகத்தையே சுற்றி வந்த ஒரு கொசுவைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இந்தக் கொசு எங்கிருந்தோ நம்மிடம் வந்தது இல்லை. நம் பக்கத்தில் இருந்து வெளியே போனது.

அதன் பெயர் ஏடிஸ் அல்போபிக்டஸ். ஆசியப் புலிக்கொசு என்றும் சொல்வார்கள். ஸ்கூஸ் என்பவர் 1894-இல் கல்கத்தாவில் பிடித்த கொசுக்களை வைத்துத்தான் இதற்கு முதலில் பெயர் வைத்தார். ஆசியாவின் காடுகள்தான் இதன் சொந்த இடம். மரப்பொந்திலும் வெட்டிய மூங்கில் கட்டையிலும் தேங்குகிற மழைத்தண்ணீரில் வாழ்ந்து வந்தது.

பக்கத்தில் நான் வரைந்திருக்கும் படத்தைப் பாருங்கள். உடம்பு நல்ல கறுப்பு. காலில் வெள்ளை வளையம். தலையில் இருந்து முதுகு நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருக்கும். இந்தக் கோடுதான் அடையாளம். டெங்கு பரப்புகிற இன்னொரு கொசு இருக்கிறதே, ஏடிஸ் எஜிப்தி, அதற்கும் காலில் வளையம் உண்டு. ஆனால் அதன் முதுகில் யாழ் மாதிரி வளைந்த கோடுகள் இருக்கும். அந்த எஜிப்தி ஆப்பிரிக்காவில் இருந்து பல நூறு வருஷங்களாகக் கப்பல்களில் ஏறி உலகமெல்லாம் பரவிய கொசு. ஆக, அவங்க கொசு நம்ம ஊரில், நம்ம கொசு அவங்க ஊரில். டீச்சர் இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது.

சரி, இத்தனூண்டு கொசு கடல் தாண்டி எப்படிப் போகும்? தானாகப் பறந்தால் இருநூறு முந்நூறு மீட்டர் போவதே பெரிய விஷயம். கொசு போகவில்லை, முட்டைதான் போனது.

மற்ற கொசுக்கள் பல, தண்ணீரின் மேல் முட்டை போடும். புலிக்கொசு அப்படிப் போடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டி வைக்கும். ஒவ்வொன்றாக வைக்கும். கறுப்பாக, மிளகாய் விதையை விட ரொம்ப ரொம்பச் சின்னதாக இருக்கும். நாம் பார்த்தால் அழுக்கு என்றுதான் நினைப்போம். தண்ணீர் வற்றிவிட்டாலும் அந்த முட்டை சாகாது. மாதக்கணக்கில் காய்ந்தபடி ஒட்டிக்கொண்டு இருக்கும். மறுபடி மழை பெய்து தண்ணீர் ஏறி முட்டையைத் தொட்டால் பொரிந்துவிடும். புழுவாகி, கூட்டுப்புழுவாகி, நம் ஊர் வெயிலுக்கு ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். ஜப்பான் மாதிரிக் குளிர் நாட்டுப் புலிக்கொசுவின் முட்டை, பனிக்காலம் முழுவதும் தூங்கிவிட்டு வசந்தத்தில் பொரியும். விதை மாதிரி!

இப்போது ஒரு பழைய லாரி டயரை நினைத்துப் பாருங்கள். வெளியே கிடந்தால் உள்ளே மழைத்தண்ணீர் நிற்கும். எப்படி உருட்டிவிட்டாலும் கொஞ்சம் தண்ணீர் உள்ளேயே சுற்றும். உள்ளே இருட்டு, குளிர்ச்சி. மரப்பொந்தில் வாழ்ந்த கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? ஆசியாவில் இருந்து பழைய டயர்களைக் கப்பல் கப்பலாகப் பிற நாடுகள் வாங்கின. ஐரோப்பாவில் முதன்முதலாக அல்பேனியா நாட்டில் 1979-இல் புலிக்கொசு தெரிந்தது. அமெரிக்காவில் 1985-இல் ஹூஸ்டன் நகரப் பக்கம் நிறையவே இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 1990-இல் இத்தாலியின் ஜெனோவா துறைமுக நகரம். இத்தாலிக்குப் பழைய டயர்கள் அமெரிக்காவில் இருந்தும் போயின. அதாவது ஆசியாவில் இருந்து அமெரிக்கா, அங்கிருந்து இத்தாலி! டயர் தவிர, தண்ணீரில் நிற்க வைத்து விற்கிறார்களே 'லக்கி பாம்பூ' என்ற செடி, அதோடும் 2001-இல் கலிபோர்னியாவுக்குப் போயிருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி வரும். புலிக்கொசு வந்து இறங்கிய உடனே அந்த நாட்டில் நோய் வந்துவிட்டதா? இல்லை. இத்தாலியில் 1990-இல் வந்தது. பதினேழு வருஷம் அங்கே கடித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தது. பெரிய காய்ச்சல் எதையும் பரப்பவில்லை. ஏன் என்று புரிய வேண்டுமென்றால் கொசுவின் வயிற்றுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

கடிப்பது பெண் கொசு மட்டும்தான். முட்டைக்குச் சத்து வேண்டும் என்று இரத்தம் குடிக்கிறது. காய்ச்சல்காரரின் இரத்தத்தைக் குடித்தால் அதோடு வைரஸும் உள்ளே போகும். நம்மில் பலர், கொசு ஒரு ஊசி மாதிரி, ஒருவர் உடம்பில் எடுத்ததை அடுத்தவர் உடம்பில் ஏற்றுகிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரத்தம் போவது கொசுவின் குடலுக்கு. கடிக்கும்போது நம் உடம்புக்குள் வருவது கொசுவின் எச்சில். குடல் வேறு, எச்சில் வேறு. வைரஸ் முதலில் நடுக்குடலின் சுவருக்குள் நுழைய வேண்டும். அங்கே பெருக வேண்டும். சுவரைத் தாண்டி உடம்புக்குள் இறங்கி, கடைசியில் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர வேண்டும். டெங்கு வைரஸுக்கு இந்தப் பயணம் ஏறக்குறைய 8 முதல் 12 நாள். அதுவரை கொசு உயிரோடும் இருக்க வேண்டும். சேர்ந்துவிட்டால் அந்தக் கொசு சாகும்வரை பரப்பிக்கொண்டே இருக்கும்.

எல்லா வைரஸுக்கும் எல்லாக் கொசுவும் இந்தக் கதவைத் திறப்பதில்லை. எய்ட்ஸ் வைரஸ் கொசுவின் வயிற்றில் இரத்தத்தோடு சேர்ந்து செரித்துப் போகிறது. அதனால்தான் கொசு கடித்து எய்ட்ஸ் வருவதில்லை. (போன மாதக் கேள்விப் பெட்டியில் இதை யாரோ கேட்டிருந்தீர்கள். பதில் இதுதான்.)

ஒரு கொசுவுக்கு ஒரு வைரஸை உள்ளே வாங்கி, வளர்த்து, வெளியே கொடுக்கிற சக்தி எவ்வளவு என்பதைக் கடத்தும் திறன் என்கிறார்கள். புலிக்கொசுவுக்கு டெங்கு விஷயத்தில் ஓரளவு திறன் உண்டு. ஆனால் எஜிப்தியை விடக் குறைவாகத்தான் பரப்பும். எஜிப்தி வீட்டுக்குள்ளேயே இருந்து மனுஷரை மட்டும் தேடிக் கடிக்கும். புலிக்கொசு தோட்டத்தில் இருக்கும். மனுஷன், மாடு, நாய், பறவை என்று கிடைத்ததைக் கடிக்கும். மாட்டைக் கடித்த கடியில் டெங்கு பரவாது. அதனால் ரொம்ப நாள் இதை இரண்டாம்தரக் கொசு என்றே நினைத்தார்கள்.

அந்த நினைப்பை மாற்றியது ரீயூனியன் தீவு.

மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது ரீயூனியன். பிரான்சுக்குச் சொந்தமான தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்காக நம் தமிழர்களையும் அங்கே கொண்டுபோனார்கள். அவர்கள் வம்சத்தார் இன்றும் இருக்கிறார்கள். 2005-ஆம் வருஷம் அங்கே சிக்குன்குனியா வந்தது. இந்த நோயை முதலில் 1952-இல் இன்றைய தான்சானியாவின் தெற்குப் பகுதியில் கண்டுபிடித்தார்கள். அங்கே மக்கோண்டே மக்களின் மொழியில் 'வளைந்து போவது' என்று பெயருக்கு அர்த்தம். மூட்டுவலியில் ஆள் வளைந்து நடப்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

ரீயூனியனில் எஜிப்தி அரிது. புலிக்கொசுதான் எங்கும். அதனால் முதலில் சில ஆயிரம் பேருக்குத்தான் நோய் வந்தது. குளிர்காலத்தில் அடங்கியும் போனது. அப்புறம் 2005 டிசம்பரில் திரும்ப எழுந்தது பாருங்கள், 2006 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் 40,000 பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள்! முடிகிறபோது கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 2,66,000 பேர். தீவில் மூன்றில் ஒருவர். 200 பேருக்கு மேல் இறந்தும் போனார்கள். பிரசவ நேரத்தில் தாய்க்குக் காய்ச்சல் இருந்தால் பிறக்கும் குழந்தைக்கும் வைரஸ் போகிறது என்பது இங்கேதான் தெளிவாகத் தெரிந்தது.

நடுவில் என்ன நடந்தது? வைரஸ் மாறிவிட்டது. சிக்குன்குனியா வைரஸின் மரபுச் செய்தி மொத்தம் 11,800 எழுத்து அளவுதான். அதில் ஒரே ஓர் எழுத்து மாறியது. 'பல்' என்று எழுதி ஒரு கால் போட்டால் 'பால்' ஆகிவிடுகிறதே, அது போல. அந்த மாற்றத்தால், வைரஸின் மேலே இருக்கிற இ1 என்ற புரதத்தில் 226-ஆம் இடத்தில் அலனின் போய் வாலின் என்ற அமினோ அமிலம் வந்தது. இந்தச் சின்ன மாற்றத்துக்குப் பிறகு வைரஸ் புலிக்கொசுவின் குடலுக்குள் மிகச் சுலபமாக நுழைந்தது. முன்பு தேவைப்பட்டதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு வைரஸ் இருந்தாலே போதும் என்று 2007-இல் ஆராய்ச்சியாளர்கள் சோதனை செய்து காட்டினார்கள். கொசு மாறவில்லை. வைரஸ் தனக்குக் கிடைத்த கொசுவுக்கு ஏற்ப மாறிக்கொண்டது. எங்கே புலிக்கொசு நிறைய இருக்கிறதோ அங்கே இந்த மாற்றம் கிடைத்த வைரஸ் மற்றதை ஜெயித்துவிடும். எனக்கு இந்தக் கட்டுரையிலேயே ரொம்பப் பயமாக இருந்த இடம் இதுதான்.

அதே சமயம் இந்தியாவிலும் சிக்குன்குனியா வந்தது. 1963-இல் கல்கத்தாவிலும் 1964-இல் சென்னையிலும் வந்துவிட்டு, பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் காணாமல் போயிருந்த நோய் இது. 2006-இல் மட்டும் 13 லட்சம் பேருக்கு மேல் சந்தேக நோயாளிகள் என்று கணக்கு. அந்த வருஷம் இங்கே பரப்பியது பெரும்பாலும் எஜிப்தி. அந்த வைரஸில் 226-ஆம் இட மாற்றம் இல்லை. ஆனால் 2007-இல் கேரளத்தில் கோட்டயம், பத்தனம்திட்டை, இடுக்கி என்று மலையோர ரப்பர் மாவட்டங்களில் காய்ச்சல் வெடித்தபோது எடுத்துப் பார்த்தால், அதே 226, அதே மாற்றம்! ரீயூனியனில் இருந்து வந்தது இல்லை. இங்கேயே தனியாக நடந்தது. காரணம் ரப்பர் தோட்டம். நிழல், ஈரம், மரத்துக்கு ஒரு சிரட்டை. அந்தச் சிரட்டைத் தண்ணீரில் புலிக்கொசு கோடிக்கணக்கில் பெருகி இருந்தது. வைரஸுக்குக் கிடைத்த கொசு அதுதான்.

இப்போது இத்தாலிக்குத் திரும்புவோம். 2007 ஜூன் 21 அன்று கேரளத்தில் இருந்து இத்தாலிக்கு வந்த ஒருவர், காஸ்டிலியோனே டி செர்வியா என்ற கிராமத்தில் உறவினர் வீட்டுக்குப் போனார். இரண்டு நாளில் அவருக்குக் காய்ச்சல். அவரைக் கடித்தது அந்த ஊர்ப் புலிக்கொசு. பதினேழு வருஷமாகச் சும்மா இருந்த கொசுவுக்கு, கேரளத்து ரப்பர் தோட்டத்தில் தனக்கென்றே மாறிய வைரஸ் கையில் கிடைத்தது. ஜூலை முதல் வாரத்தில் அக்கம்பக்கத்தார் படுத்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு கிராமத்துக்கும் போனது. செப்டம்பர் முடிவதற்குள் 205 பேர். 83 வயதுத் தாத்தா ஒருவர் இறந்தார். வந்தவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. காய்ச்சல் வரும் என்று தெரிந்து யாரும் விமானம் ஏறுவதில்லை. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் தேங்கும் பாத்திரங்களைக் காலி செய்தார்கள், மருந்து அடித்தார்கள், குளிரும் வந்தது, நோய் நின்றது.

அதற்குப் பிறகு கதை நீள்கிறது. 2010-இல் பிரான்சின் நீஸ் நகரத்தில் ஊருக்குள்ளேயே டெங்கு பரவியது. 2024 ஆகஸ்டில் ரீயூனியனில் சிக்குன்குனியா திரும்ப வந்து, 2025-க்குள் 50,000 பேருக்கு மேல் உறுதியானது. ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் மறுபடி வராது. ஆனால் இருபது வருஷத்தில் புதிதாகப் பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்களே. நானும் நீங்களும் அந்தக் கணக்கில்தான் வருகிறோம்.

நம் குமரி மாவட்டத்தின் மலையோரமும் கேரளத்துத் தோட்டம் மாதிரிதான். அதே ரப்பர், அதே நிழல், இரண்டு பருவமழை. எங்கள் அம்மா பால்வெட்டுக்குப் போகிறாங்க. விடியும் முன்னே போய் வெட்டிவிட்டு, காலையில் சிரட்டை சிரட்டையாகப் பால் எடுப்பாங்க. புலிக்கொசு இரவுக் கொசு இல்லை. காலையிலும் சாயங்காலமும் நிழலில் கடிப்பது. அம்மா பால் எடுக்கிற நேரம்தான் அதற்குச் சாப்பாட்டு நேரம். கொசுவலை கட்டித் தூங்குவது நல்லதுதான், ஆனால் பால்வெட்டுக்காரருக்கு அது பாதிப் பாதுகாப்பு கூட இல்லை. முழுக்கைச் சட்டையும் காலை மூடுகிற துணியும் போட்டால் கொஞ்சம் பரவாயில்லை.

அம்மாவுடைய அம்மாவும் பால்வெட்டுதான். நான் பிறப்பதற்கு முன்னால், சிக்குன்குனியா வந்த வருஷம் அவங்களும் படுத்தாங்க. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. மூட்டுவலி போகவில்லை. இந்த நோயில் சிலருக்கு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கூட வலி நிற்கும். இதற்கென்று வைரஸைக் கொல்லும் தனி மருந்தும் இல்லை. பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரம் கெட்டுவிடும். விரல் மடங்காத பாட்டியால் கத்தி பிடிக்க முடியவில்லை. வெட்டுக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. அம்மா அப்போது பிளஸ் ஒன். படிப்பை நிறுத்திவிட்டுக் கத்தியை எடுத்தாங்க.

தோட்டத்தில் எந்தச் சிரட்டை ஆபத்து என்று அம்மாவிடம் கேட்டேன். வெட்டு நடக்கிற மரத்துச் சிரட்டையில் பால்தான் விழும், அதைத் தினமும் ஒருவர் தொடுகிறார், எடுக்கிறார். வெட்டு நிறுத்திய தோட்டம்தான் மோசம். விலை இல்லை என்றோ, மழை என்றோ, மரம் இலை உதிர்க்கிறது என்றோ வெட்டை நிறுத்திவிட்டு, சிரட்டையை மல்லாக்க அப்படியே கம்பியில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு மழை போதும். போன வாரம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற தோட்டத்தில் நானும் என் தோழியும் எட்டிப் பார்த்தோம். நாலைந்து சிரட்டையில் புழு துள்ளிக்கொண்டு இருந்தது. ஒன்றில் அடியில் ஒட்டுப்பால், மேலே தண்ணீர், அதற்குள்ளும் புழு.

சாயங்காலம் புகை மருந்து அடிக்கிற வண்டி வந்தால் எல்லோரும் பின்னாலேயே ஓடுகிறோம். புகையில் பறக்கிற கொசு சாகும். தண்ணீருக்குள் இருக்கிற புழுவும், சுவரில் ஒட்டியிருக்கிற முட்டையும் சாகாது. அதே போல், சிரட்டையைக் கொட்டிவிட்டால் புழு செத்துவிடும், முட்டை இருக்கும். அடுத்த மழைக்கு அது பொரியும். அதனால் கொட்டுவதோடு விடாமல், உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும், பிறகு கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்த்த சிரட்டையில் மழை நிற்காது, முட்டைக்குத் தண்ணீர் எட்டாது. வீட்டில் தண்ணீர்த் தொட்டி, உபயோகிக்காத ஆட்டுக்கல், கோழிக்குத் தண்ணீர் வைக்கிற சட்டி, கூரை மேல் பாரத்துக்குப் போட்ட டயர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். டயரைத் தேய்க்க முடியாது. ஓட்டை போடலாம், அல்லது மண் நிரப்பிக் கீரை விதைக்கலாம்.

இந்தத் தாளுக்குக் கீழே கோடு போட்ட ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன். தோட்டத்துப் பக்கம் வீடு இருக்கிறவர்கள் வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள். முதல் கட்டத்தில் எத்தனை சிரட்டை பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். இரண்டாவது கட்டத்தில் எத்தனையில் தண்ணீர், மூன்றாவதில் எத்தனையில் புழு. வெட்டு நடக்கிற தோட்டமா, நிறுத்திய தோட்டமா என்பதையும் மறக்காமல் போடுங்கள். எண்ணி முடித்த பிறகு கொட்டிவிடுங்கள், முன்னால் கொட்டினால் கணக்கு தப்பிவிடும். பேனா நூலில் கட்டித் தொங்குகிறது, தயவுசெய்து யாரும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி